‘ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்கிறார்கள், வலிக்கிறதே!’: வாசகர் கேள்விகளுக்குச் சேலம் செவிலியரின் பதில்கள்

நாள்பட்ட வலி பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் போட்டதும் போட்டோம், சேலம் டவுனிலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. நான் வலி நிவாரணப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். டாக்டர் இல்லை. இங்கே யாருக்கும் மருந்து எழுதித் தர மாட்டேன், இருக்கிற மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கவும் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் அறையில் ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்ததும் எங்களிடம்தான் எல்லாரும் நிஜத்தைச் சொல்கிறார்கள், அதனால் எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: வயது 51. குழித்தறி நெய்கிறேன். ஆறேழு வருஷமாக இடுப்பு வலி. வலி வந்தால் எழுந்துவிடுவேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று வந்துவிட்டது. தறியை விட்டுவிட்டுப் படுத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள் வீட்டில். ஆபரேஷன் செய்தால்தான் தீருமா? (அம்மாபேட்டை)

அண்ணே, முதலில் அந்த ஸ்கேன் காகிதத்தை மடித்து உள்ளே வையுங்கள். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, பல்ஜ் என்றால் அது கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 50 வயதில், இடுப்பு வலியே இல்லாத ஆட்களைக் கூட்டிவந்து ஸ்கேன் எடுத்தால் 100 பேரில் சுமார் 60 பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கும். 80 வயதில் 84 பேருக்கு. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட கணக்கு இது. தலைமுடி நரைக்கிற மாதிரிதான் டிஸ்க்கும். அதனால் வலிக்கவே வலிக்காது என்று சொல்லவில்லை. ஆனால் ‘பல்ஜ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து இடுப்பு உடைந்துபோனதாக நினைத்து, குனியப் பயந்து, நிமிரப் பயந்து, தசையெல்லாம் இறுகிப்போய் வருகிறவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். பயமே பாதி வலியை உண்டாக்குகிறது.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அடிபட்ட இடம், சுளுக்கிய தசை பெரும்பாலும் அதற்குள் ஆறியிருக்கும். ஆனால் வலியைத் தூக்கிக்கொண்டு ஓடும் நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் உஷாராகவே இருந்து பழகிவிடும். சாதாரணமாகக் குனிந்தாலும் ஆபத்து ஆபத்து என்று கத்தும். வலி நிஜம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வலிக்கிற அளவுக்கு உள்ளே சேதம் நடக்கிறது என்று அர்த்தமில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே சிலருக்கு நடை மாறிவிடுகிறது.

படுத்தே கிடப்பது இதற்கு வைத்தியம் இல்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள், இப்போது சொல்வதில்லை. ஆனால் தறியை விட வேண்டாம் என்றால் இப்போது நெய்கிற மாதிரியே நெய்யலாம் என்றும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ‘வலி வந்தால் எழுந்துவிடுவேன்’ என்று. அங்கேதான் பிரச்சினை. வலி வரும்வரை உட்கார்ந்தால் உடம்பு அதைத்தான் கற்றுக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்த்து எழுந்திருங்கள், வலியைப் பார்த்து அல்ல. உங்களால் வலி ஏறாமல் 40 நிமிடம் உட்கார முடிகிறது என்றால் 30-லேயே போனில் அலாரம் வையுங்கள். அலாரம் அடித்ததும் நாடா எங்கே இருக்கிறது, இன்னும் நாலு இழைதானே என்று பார்க்காமல் குழியிலிருந்து வெளியே வந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக் கொஞ்சம் பின்னால் வளைந்து, திண்ணைவரை நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். ஒரு வாரம் சுமுகமாகப் போனால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

இன்னொன்று, நல்ல நாளில் அடித்துப் பிடித்து ஒரே மூச்சில் சேலையை முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பது. தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் ஆர்டர் நெருக்கும்போது எல்லாரும் செய்வது இதுதான். நல்ல நாளிலும் அதே அலாரம், மோசமான நாளிலும் முடிந்த அளவு அதே அலாரம். கூலி கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதக் கடைசியில் குறையாது, பல பேருக்குக் கூடியிருக்கிறது.

உட்காரும் பலகையையும் கவனியுங்கள். பலகை தாழ்வாக இருந்தால் முழங்கால் இடுப்பை விட மேலே போய், முதுகு வளைந்து கூன் விழுந்த மாதிரி உட்கார வேண்டி வரும். பழைய போர்வையை மடித்துப் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்திப் பாருங்கள். பாவில் இழை அறுந்தால் உட்கார்ந்தபடியே எட்டி, முன்னால் சாய்ந்து, தலையையும் தொங்கவிட்டுப் பிணைக்கிறீர்கள் இல்லையா, அதை மட்டும் எழுந்து வந்து பக்கத்தில் நின்று செய்யுங்கள்.

ஆபரேஷன் எப்போது? கால் பலம் குறைந்து பாதம் இழுபடுகிறது, செருப்பு கழன்று விழுவதே தெரியவில்லை, சிறுநீர் மலம் அடக்க முடியவில்லை அல்லது போகவே மாட்டேன் என்கிறது, உட்காரும் இடத்தில் தொடை இடுக்கில் மரத்துப் போகிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஜி.எச்.சுக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி இவையும் உடனே பார்க்க வேண்டியவை. இதில் எதுவும் இல்லாத இடுப்பு வலிக்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படுவதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. காபித் தோட்டத்தில் பழம் பறித்து, மூட்டை தூக்கி ரெண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. மெடிக்கலில் ‘செட் மாத்திரை’ வாங்கிச் சாப்பிட்டால் அன்றைக்கு நன்றாக நடக்கிறார். ரெண்டு வருஷமாக இப்படித்தான். இப்போது முகம் உப்பியிருக்கிறது, பிரஷரும் ஏறியிருக்கிறது. மாத்திரையால் இருக்குமா? (நாகலூர், ஏற்காடு)

தம்பி, இருக்கும். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத ஒத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

செட் மாத்திரை என்பது பெயர் இல்லாத நாலைந்து மாத்திரையை ஒரு சின்னக் கவரில் போட்டுத் தருவது. அதில் வழக்கமாக ஒரு வலி மாத்திரை (டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வகை), ஒரு வயிற்று மாத்திரை, பல நேரம் ஒரு சின்ன வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும். அன்றைக்கே பறந்து நடக்க வைப்பது பெரும்பாலும் அந்த ஸ்டீராய்டுதான். தினமும் சாப்பிட்டால் முகம் வட்டமாக உப்பும், சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பலவீனமாகும், தோல் மெலிந்து தொட்டாலே நீலம் பாயும். டைக்ளோபினாக் வகை தன் பங்குக்கு வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்துக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அம்மா ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால் அதோடு இந்த வலி மாத்திரையும் சேரும்போது சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. அதுவும் வயிற்றுப்போக்கு, வாந்தி வந்து உடம்பில் நீர் குறைந்த நாளில் ரொம்ப ஆபத்து.

ஆனால், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நாளை காலையிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தானாக அதைச் சுரப்பதை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து, வாந்தி வந்து, ஆளே மயங்கலாம். மிச்சமிருக்கும் கவரோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை), சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். கூச்சப்பட்டுச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். அப்படிப் போனால் வயிற்றில் ரத்தம் கசிகிறது, அன்றைக்கே மருத்துவமனை.

சரி, முழங்காலுக்கு என்ன வழி? பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு, வயதானவர்களுக்கும் ஈரல் சரியில்லாதவர்களுக்கும் அதைவிடக் குறைவு. எவ்வளவு என்று டாக்டர் சொல்லட்டும். தேய்மான வலிக்கு அதுவும் பெரிதாகக் கேட்காது என்பதே நிஜம். டைக்ளோபினாக் ஜெல்லை முட்டியில் தடவினால் ரத்தத்தில் கொஞ்சம்தான் சேரும், முட்டிக்கு அது பரவாயில்லாத வழி, அதையும் கேட்டுவிட்டுத் தடவுங்கள். தடவிய இடத்தில் மேலேயே வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது.

உண்மையில் முட்டியைத் தாங்குவது தொடைத் தசை. அது இளைத்துப் போனதால்தான் முட்டி தனியாகச் சுமக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, ஆறேழு வாரத்தில் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே செய்யச் சொன்னால் செய்வார்கள், தனியாகச் செய் என்றால் யாரும் செய்வதில்லை.

உங்கள் ஊர் மேடு பள்ளம். ஏறுவதை விட இறங்குவதுதான் முட்டிக்கு அதிகச் சுமை, அதனால் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது எது இறக்கமோ அங்கே பக்கத்தில் ஆள் இருக்கட்டும். கைத்தடி வாங்கிக் கொடுங்கள். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும், வலது முட்டி மோசம் என்றால் இடது கையில். முக்கால்வாசிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். கைத்தடி பிடித்தால் கிழவி ஆகிவிட்டேன் என்று ஊர் சொல்லும் என்பார், தோட்டத்துக் கவாத்துக் குச்சி மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், அதைப் பிடிக்க வெட்கப்பட மாட்டார். மலைக்கார அம்மாக்களிடம் எனக்குப் பலித்த வழி இது.

தரையில் சம்மணம், இந்தியக் கழிப்பறை இரண்டையும் குறைக்க முடிந்தால் நல்லது. கழிப்பறைக்கு மேலே வைத்து உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூல் மாதிரி ஒன்று கடைகளில் கிடைக்கிறது.

கேள்வி: வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 12 வருஷமாகச் சர்க்கரை. ராத்திரி படுத்தால் இரண்டு பாதமும் எரிகிறது, போர்வை பட்டாலே தாங்கவில்லை. டாக்டர் எழுதின மாத்திரையை நெட்டில் தேடினால் மன அழுத்தத்துக்கு என்று போட்டிருக்கிறது. எனக்கு மனநோயா? (செவ்வாய்ப்பேட்டை)

இல்லைங்க. அமிட்ரிப்டிலின் என்பது அந்த மாத்திரையாக இருந்தால், மன அழுத்தத்துக்குக் கொடுப்பதை விட ரொம்பக் குறைந்த அளவில் நரம்பு வலிக்குக் கொடுப்பார்கள். டுலோக்சிட்டினும் மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுப்பதுதான், ப்ரீகாபாலின், காபாபென்டின் வலிப்பு நோய்க்கு வந்த மருந்துகள். எல்லாம் நரம்பின் கூச்சலைக் கொஞ்சம் அடக்குகிறவை. சர்க்கரையால் பாதத்து நரம்பு கெட்டால் வரும் எரிச்சலுக்கு டைக்ளோபினாக், பாராசிட்டமால் எதுவும் கேட்காது. உங்கள் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

இரண்டு விஷயம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்று, இந்த மாத்திரை போட்ட அன்று வேலை செய்யாது. சில வாரம் ஆகும், அதற்குள் ‘கேட்கவே இல்லை’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டு, முதலில் தூக்கம், வாய் உலர்வது, தலைசுற்றல் வரும். அமிட்ரிப்டிலினை இரவு கொஞ்சம் முன்கூட்டியே போட்டுக்கொண்டால் காலையில் மந்தம் குறையும். ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது உடனே எழாமல் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். புராஸ்டேட் பிரச்சினையோ, இதயத்துடிப்புக் கோளாறோ, கண்ணில் பிரஷரோ இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ப்ரீகாபாலினில் கால் வீங்கலாம், அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. மெட்பார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும், பி12 குறைந்தாலும் இதே எரிச்சல் வரும், அதனால் அதை ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எரிகிறது என்று வெந்நீரில் காலை வைக்காதீர்கள். எரிச்சல் இருக்கும் அதே பாதத்தில் சூடு தெரியாத இடமும் இருக்கும், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பட்டறையில் பற்றவைக்கும்போது தெறிக்கும் துளியும், தரையில் கிடக்கும் கம்பித் துணுக்கும் உங்கள் காலுக்கு எமன், உள்ளேயும் முழுசாக மூடின செருப்புப் போடுங்கள். இரவு படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லை பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஆடி மாதம் வருகிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வெறுங்காலில் நடப்பேன், பூ மிதிப்பேன் என்று வேண்டியிருந்தால் அம்மனிடம் வேறு வேண்டுதலாக மாற்றிக்கொள்ளுங்கள். பூசாரியிடமே கேளுங்கள், மாற்று வழி சொல்வார்கள். ஆடித் தார் ரோட்டில் நடந்து, புண்ணோடு ஆவணியில் எங்களிடம் வருகிறவர்கள் உண்டு, விரலை எடுக்கும் அளவுக்குப் போனவர்களும் உண்டு.

கேள்வி: வயது 38. உடம்பு முழுக்க வலி, தொட்டால் வலி, தூங்கி எழுந்தாலும் அசதி. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் நார்மல். ‘வேலைக்குப் பயந்து நடிக்கிறா’ என்கிறார் கணவர். (சூரமங்கலம்)

முதலில் உங்களுக்கு, அப்புறம் அவருக்கு.

பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் உடம்பு முழுக்க வலிக்கும் நிலை மருத்துவத்தில் தெளிவாக எழுதப்பட்டது. பைப்ரோமயால்ஜியா என்பது அதில் ஒன்று, ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலிலேயே நாள்பட்ட வலியைத் தனி நோயாகச் சேர்த்துவிட்டார்கள், வேறு நோய்க்கு அறிகுறியாக மட்டும் அல்ல. தைராய்டு, வைட்டமின் டி, ரத்தசோகை, மூட்டு வாதத்துக்கான சோதனை பார்த்தாகிவிட்டதா என்று மட்டும் டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அவை சரி என்றால் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுப்பதில் காசுதான் போகும்.

இதற்குக் கேட்கும் மருந்து மாத்திரையில் கொஞ்சம், நடையில் நிறைய. உங்களால் வலி ஏறாமல் ஏழு நிமிடம் நடக்க முடிந்தால் ஐந்திலிருந்து ஆரம்பியுங்கள், வாரம் ஒரு நிமிடம். கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், முதல் நாளே அண்ணா பூங்காவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு வாரம் படுத்துவிட்டு ‘நடை எனக்கு ஒத்துக்காது’ என்று விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், அதனால் தூக்கத்தையும் வைத்தியமாகப் பாருங்கள். படுக்கையில் போன் வேண்டாம், மாலை நாலு மணிக்குப் பிறகு காபி வேண்டாம். ஏற்காட்டுக் காபியாகவே இருந்தாலும்.

இப்போது அந்த அண்ணனுக்கு. வலியை அளக்கும் மீட்டர் எங்களிடமும் கிடையாது. நாங்களும் நோயாளியைக் கேட்டுத்தான் 0-விலிருந்து 10-க்குள் எழுதுகிறோம். அவர் சொல்வதுதான் ரீடிங். வேலைக்குப் பயந்தவர் நடிக்க நினைத்தால் வருஷக்கணக்கில், ராத்திரி தூக்கத்தையும் விட்டுவிட்டு, பிடித்த கல்யாணத்துக்கும் போகாமல் நடிக்க மாட்டார். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள், வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்காமல் உள்ளே வாருங்கள். தண்ணீர்க் குடம், மாவு அரைப்பது, துணி பிழிவது இந்த மூன்றையும் நீங்கள் எடுத்துக்கொண்டாலே அவர் நடக்க நேரமும் தெம்பும் வரும்.

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய், முற்றிய நிலை. மார்பின் (morphine) என்ற கடும் வலிக்கான மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போதைக்கு அடிமை ஆகிவிடுவார் என்று சித்தப்பா ஒளித்துவைத்துவிட்டார். (ஆத்தூர்)

சித்தப்பாவின் பயம் நியாயமான பயம், ஆனால் இடம் தப்பு. புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும் மார்பின் வலியைத் தின்பதிலேயே போய்விடும். உடம்பு பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். பழகுவதும் அடிமையாவதும் வேறு. அப்பா வலியில் துடித்துக்கொண்டு மாத்திரை கேட்டால் அது ஏங்குவது இல்லை, மாத்திரை போதவில்லை என்று அர்த்தம்.

சாதாரண மார்பின் மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கொடுங்கள், இதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் ‘மார்பின் ஒத்துக்கலை’ என்று நிறுத்துகிறார்கள். குமட்டலும் தூக்கமும் முதல் சில நாள் இருக்கும், பிறகு குறையும். எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூங்கினாலோ மூச்சு ரொம்ப மெதுவாக வந்தாலோ உடனே மருத்துவமனை. தொண்டையில் விழுங்க முடியவில்லை என்றால் வேறு வடிவத்தில் தரக் கேளுங்கள், நீங்களாகப் பொடித்துக் கொடுக்காதீர்கள்.

1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தால் பல வருஷம் இந்த மாத்திரை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். அவ்வளவு பாடுபட்டு வந்தது அப்பாவுக்கு அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. பூட்டியே வையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், ஆனால் சாவி கொடுக்கிறவர் கையில் இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். வருகிறவரைச் சித்தப்பாவோடும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர். வலி கிளினிக்கில் அவளே பரிசோதித்து அவளே மருந்து எழுதுகிறாள் என்கிறாள். இங்கே ஏன் அப்படி இல்லை? (ஃபேர்லாண்ட்ஸ்)

அங்கே 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த படிப்பு அது, லோரெட்டா போர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. டாக்டர் கிடைக்காத ஊர்களில் குழந்தைகளைப் பார்க்க என்று ஆரம்பித்து இப்போது எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். சில மாநிலங்களில் தனியாகவே மருந்து எழுதலாம், சிலவற்றில் டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். அங்கே மார்பின் வகை மாத்திரைகளை ஒரு காலத்தில் அள்ளி எழுதியதால் நிறையப் பேர் செத்தார்கள், 2016-இல் அரசே வழிகாட்டி வெளியிட்டு, 2022-இல் திருத்தியது. உங்கள் மகளுக்குப் பெரிய தலைவலியே அதுவாகத்தான் இருக்கும். இங்கே நிலைமை தலைகீழ், தேவைப்படுகிறவருக்கே கிடைக்கவில்லை.

நம் நாட்டில் இந்தியச் செவிலியர் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்தது. வலிக்கென்று நாங்கள் செய்வது டாக்டர் போட்ட திட்டத்தைக் கூட நின்று நடத்துவது: மாத்திரை எப்போது சாப்பிடுகிறார், எதை நிறுத்திவிட்டார், என்ன வேலைக்குத் திரும்பினார், யார் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது. மருந்து எழுதும் உரிமை வந்தால் மறுக்க மாட்டேன். ஆனால் கேட்க நேரம் கிடைத்தால் அதைவிட உபயோகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: இடுப்பு பெல்ட் போட்டுக்கொண்டே இருக்கலாமா? (ஓமலூர்)

பஸ்ஸில் நீண்ட தூரம் போகும்போது, பளு தூக்கும்போது, சரி. நாள் முழுக்கப் போட்டால் இடுப்புத் தசை சோம்பேறி ஆகிவிடும்.

கேள்வி: டாக்டர் ‘வலி எவ்வளவு?’ என்று கேட்டால் ‘ரொம்ப’ என்பதைத் தவிர ஒன்றும் வாயில் வருவதில்லை. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறேன். என்ன சொல்ல வேண்டும்? (தாரமங்கலம்)

வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். பத்து வரி போதும். எங்கே வலிக்கிறது, குத்துகிறதா எரிகிறதா இழுக்கிறதா, காலையிலா ராத்திரியா, எதைச் செய்தால் கூடுகிறது, எது கொஞ்சம் தணிக்கிறது. எண் சொல்லத் தெரியவில்லை என்றால் வலி எந்த வேலையை நிறுத்திவிட்டது என்று சொல்லுங்கள்: ‘முன்னே சந்தையிலிருந்து நடந்தே வருவேன், இப்போ கோயில் மண்டபத்தில் ரெண்டு தடவை உட்கார வேண்டியிருக்கு.’ எங்களுக்கு 7, 8 என்பதைவிட இது நன்றாகப் புரியும். அடுத்த மாதம் ஒரு தடவைதான் உட்கார்ந்தேன் என்று நீங்கள் சொன்னால் மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலம், தடவும் தைலம், பக்கத்து வீட்டில் வாங்கின மாத்திரை உட்பட ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று பாதியை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம். கடைசியாக ஒன்று, ஊசி போடச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள். நாள்பட்ட வலிக்கு ஊசி மாத்திரையை விட உசத்தி இல்லை, அன்றைக்கு ராத்திரியோடு அதன் வேலை முடிந்துவிடும். கேட்க வேண்டியது ‘அடுத்து எப்போ வரணும், அதுக்குள்ளே நான் வீட்டிலே என்ன செய்யணும்?’